தேய்ந்த கார்புரேட்டரைக் கழுவினால் மட்டும் போதாது

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் என் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "அண்ணே, ஐடிலிங் நிக்கமாட்டேங்குது. மைலேஜும் விழுந்துபோச்சு. கார்புரேட்டரைக் கழுவியாச்சு, ஜெட்டெல்லாம் புதுசு போட்டாச்சு." ஐடிலிங் என்பது ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது. கழட்டிப் பார்த்தால், பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகான ஜெட் புதுசாகப் பளபளவென்று இருக்கும். ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடும் அதில் தொங்கும் ஊசியும் தேய்ந்தபடி அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

மில்லில் ஃபிட்டராக இருந்தவன் நான். எதோடு எது உரசுகிறதோ அதுதான் தேயும் என்பது அங்கே முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம். மெயின் ஜெட்டில் எதுவும் உரசுவதில்லை, பெட்ரோல் மட்டும்தான் போகிறது. அது அடைத்துக்கொள்ளுமே தவிர லேசில் தேயாது. தேய்கிற இடங்கள் நான்கு: ஸ்லைடும் அது ஏறி இறங்கும் துளையும், நீள ஊசியும் அது நுழையும் நீடில் ஜெட்டும், பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசியும் அதன் இருப்பிடமும், கடைசியாக எஞ்சினோடு சேரும் ஃபிளேஞ்ச் முகம். முதலில் எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சாமான் வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர் பூட்டிய புல்லட் 350-ஐ மனதில் வைத்து. 24 என்பது காற்றுப் பாதையின் விட்டம், மில்லிமீட்டரில். யமஹா ஆர்எக்ஸ் 100-ல் இருப்பதும் இதே விஎம் வகைதான், அளவு சிறியது. அதற்கும் இதெல்லாம் பொருந்தும்.

கழட்டுவதற்கு முன்னால் வண்டியை ஓடவிட்டு இரண்டு சோதனை. எஞ்சின் சூடானதும், ஐடிலிங்குக்குக் காற்றை அளந்து விடும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகும் பைலட் வழி அடைத்திருக்க வேண்டும், அல்லது திருட்டுக் காற்று எங்கிருந்தோ நுழைகிறது. அடுத்தது, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் மூட்டைச் சுற்றிக் கெட்டியாக கிரீஸ் அப்புங்கள். ஐடிலிங் அப்படியே அடங்கி நின்றால் கசிவு அந்த மூட்டில்தான். கிரீஸ் அப்பியும் எஞ்சின் ஏறி இறங்கி அலைந்தால் ஸ்லைடைச் சந்தேகப்படுங்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால் தேய்ந்த ஸ்லைடு உள்ளே 'டக் டக்' என்று அடிப்பது கேட்கவே கேட்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பகல் வெளிச்சத்தில், வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துக் கழட்டுங்கள். அடுப்பும் சாமி விளக்கும் எரிகிற வீட்டுக்குள் பெட்ரோலைத் திறக்க வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் கீழ்க் கப்பில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, பெரிய தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். சின்ன ஸ்பிரிங் தெறித்தாலும் கண்ணில் படும். கப்பின் ஸ்க்ரூக்கள் மெத்தென்ற உலோகம். சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை வழுக்கிவிடும், அப்புறம் பெரிய வேலை.

இனி ஸ்லைடு. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் காற்றை இழுக்கும்போதெல்லாம் ஸ்லைடையும் தன் பக்கம் இழுத்து ஒட்டவைக்கிறது. அதனால் தேய்மானம் சுற்றிலும் சமமாக வராது, எஞ்சின் பக்கத்து முகத்தில்தான் வரும். ஸ்லைடை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். மற்ற பக்கமெல்லாம் மங்கலான சாம்பல் நிறமாக இருக்கும். எஞ்சின் பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்கினால், அதில் மேலிருந்து கீழாகக் கோடுகளும் ஓடினால், அது தேய்ந்த ஸ்லைடு. கோடு விழுவதற்குக் காரணம் தூசி. மேலூர்ப் பக்கம் கல் குவாரி ரோட்டில் ஓடுகிற வண்டிகளில், ஃபில்டர் கிழிந்திருந்தால், இந்தக் கோடுகளை விரல் நகத்திலேயே உணரலாம்.

பிறகு ஸ்லைடைத் துளைக்குள் வைத்து, அடிவரை இறக்கி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். என் கணக்கு இது: 0.10 மி.மீ. தகடு இறுக்கமாக நுழைந்தால் ஓட்டலாம், 0.20 தாராளமாக நுழைந்தால் அந்த ஐடிலிங்கை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது. புது ஸ்லைடு ஒன்றைக் கடையில் இரவல் கேட்டு அதே துளையில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. புதுசு ஆடாமல் நின்றால் ஸ்லைடு மட்டும் வாங்கினால் போதும். புதுசும் ஆடினால் துளையே தேய்ந்துவிட்டது. ஸ்லைடின் அடியில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். வாங்கும்போது பழைய ஸ்லைடில் பொறித்திருக்கும் அந்த வெட்டின் எண்ணைப் பார்த்து அதே எண் வாங்குங்கள். எண் கூடினால் வெட்டு பெரிது, ஆக்ஸிலேட்டர் லேசாகத் திறக்கும்போது கலவையில் காற்று கூடிவிடும். பூட்டும்போது அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்த்து நிற்க வேண்டும்.

துளை தேய்ந்திருந்தால் லேத் பட்டறைதான். பழைய ஸ்லைடைக் கடைந்து சிறிதாக்கி, மேலே மெல்லிய பித்தளைக் குழாய் ஏற்றி, தேய்ந்த துளையை வட்டமாக்கி, அதற்குத் தக்கபடி முடித்துத் தருவார்கள். மிக்கார்ப்புக்கு இந்தச் செலவு வீண் என்பது என் கருத்து, முழுப் புதுசையே வாங்கிவிடலாம். ஆனால் பழைய அமால் கார்புரேட்டர், எஸ்டி பைக்கின் ஜிகாவ் கார்புரேட்டர் மாதிரிக் கிடைக்காத சாமானுக்கு இந்த வேலை நிச்சயம் செய்ய வேண்டியது. சும்மா தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மைலேஜ் விழுவதற்கு முக்கியக் காரணம் ஊசியும் நீடில் ஜெட்டும். காரணம் எளிது. நாம் ஊருக்குள்ளும் திருமங்கலம் ரோட்டிலும் ஓட்டுவதெல்லாம் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து அரை வரை. அந்த இடத்தில் பெட்ரோலை அளந்து விடுவது இந்த ஜோடிதான். மெயின் ஜெட்டின் ஆட்சி முக்கால் திறப்புக்கு மேலே. ஊசி அதிர்ந்து அதிர்ந்து நீடில் ஜெட்டின் வட்டத்தை முட்டை வடிவமாக்கிவிடும். ஊசியின் ஒரு பக்கத்தில் மட்டும் மினுங்கும் பட்டை தெரியும். நீடில் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். வட்டம் கோணியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஊசியைப் பிடித்திருக்கும் கிளிப்பை மேல் பள்ளத்துக்கு ஏற்றி ஊசியை இறக்கிச் சமாளிக்கலாம் என்பார்கள். கொஞ்ச நாள் ஓடும், ஆனால் முக்கால் திறப்பில் கலவை வறண்டு எஞ்சின் கொதிக்கும்.

மிதவை ஊசியின் கூம்பு முனையில் வளையமாக ஒரு பள்ளம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். சோதிப்பது சுலபம்: கார்புரேட்டரைத் தலைகீழாக வைத்து, பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான டியூப் சொருகி ஊதுங்கள். காற்று போகக்கூடாது. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை. சோக் பிளஞ்சரின் அடி ரப்பரையும் பார்த்துவிடுங்கள், அது வெடித்திருந்தால் சோக் எப்போதும் பாதி திறந்த மாதிரிதான்.

ஃபிளேஞ்ச் வளைவதற்குக் காரணம் முரட்டுக் கைதான். கசிகிறதே என்று நட்டை இன்னும் இறுக்க, காதுகள் இரண்டும் எஞ்சின் பக்கம் வளைந்து நடுப்பகுதி விலகிவிடும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் தெளித்து, ஃபிளேஞ்சை எட்டு போடுகிற மாதிரி தேயுங்கள். அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே நிறமாக வந்ததும் நிறுத்துங்கள். பேக்கிங் புதுசு போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை. பித்தளைப் பாத்திரம் துலக்குகிற பழக்கத்தில் சிலர் புளித் தண்ணீரிலும் வினிகரிலும் ஊறவைக்கிறார்கள். கார்புரேட்டரின் உடம்பு துத்தநாகக் கலவை, புளிப்பு அதை அரித்துவிடும். பெட்ரோலும் பழைய பல் பிரஷும் போதும். ஜெட் துளையில் குண்டூசி விடவே கூடாது, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியை விடுங்கள். அப்புறம் சைக்கிள் பம்பால் எல்லா வழியிலும் காற்றடியுங்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுவதும் உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் அதிகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் காற்று கூடும். ரிங் ரோட்டில் அரை ஆக்ஸிலேட்டரில் சில கிலோமீட்டர் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். பிளக் கொஞ்சம் ஆறியதும் துணி சுற்றிக் கழட்டிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

மதுரையில் இப்படிச் சரியாக வைத்த வண்டி, வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏறினால் மேலே திணறும். அங்கே உயரம் 2,000 மீட்டருக்கு மேல், காற்று மெல்லியது, அதே அளவு பெட்ரோல் அங்கே கூடுதலாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். கீழே இறங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், கப்பின் அடியில் வெள்ளைப் பொடி படியவைக்கும். வண்டியைச் சில வாரம் எடுக்கமாட்டோம் என்று தெரிந்தால், டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கப்பில் மிச்சம் இருப்பதையும் வடித்துவிடுங்கள்.