கடலூரிலிருந்து ஆலங்கட்டியைத் தேடுவோம்: ரேடார் பார்க்கும் முறை

சித்திரை வெயில் கொளுத்திய நாளில், சாயங்காலம் கள்ளக்குறிச்சிப் பக்கம் இடிமேகம் எழும்பும். அதற்குள் ஆலங்கட்டி வளர்கிறதா என்று கடலூரில் இருந்தபடியே கைபேசியில் பார்க்கலாம்.

1. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் பக்கத்தில் காரைக்காலைத் தேர்ந்தெடுங்கள். சென்னை ரேடாரிலும் நம் பகுதி தெரியும். ஆனால் தொலைவு கூடக்கூட அலைக்கற்றை தரையை விட்டு மேலே போய்விடும். தரைமட்டத்துக்கு அரை டிகிரி சாய்வில் கிளம்பும் காரைக்கால் கற்றை கடலூருக்கு மேலே சுமார் 1.3 கி.மீ. உயரத்தில் கடக்கும், சென்னைக் கற்றை 3 கி.மீ.யை நெருங்கிவிடும். படத்தில் இருப்பது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். 11 மணி என்றால் நமக்கு மாலை நாலரை.

2. மேக்ஸ் இசட் படத்தைத் திறங்கள், அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் மேலே கிடைத்த அதிகபட்ச எதிரொலியைக் காட்டும் படம். நிறங்கள் காட்டுவது டிபிஇசட், அதாவது துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமை. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். 55-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். ஆனால் சிவப்பைப் பார்த்ததும் ஆலங்கட்டி என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். கொட்டும் மழையே 50-ஐத் தொடும்.

3. இதுதான் முக்கியம்: நிறத்தை விட அதன் உயரத்தைப் பாருங்கள். படத்தின் மேலேயும் வலப்பக்கமும் இருக்கும் பட்டைகள் மேகத்தின் பக்கவாட்டுத் தோற்றம். சிவப்புப் புள்ளியிலிருந்து நேர் மேலே விரலை நகர்த்தினால் அது எத்தனை கி.மீ. வரை எழும்பியிருக்கிறது என்று தெரியும். (அதே நேர்கோட்டில் வேறு மேகம் இருந்தால் இரண்டும் கலந்துவிடும், ஜாக்கிரதை.)

நம் கோடையில் பூஜ்ய டிகிரி மட்டம், அதாவது காற்றின் வெப்பம் பூஜ்ய டிகிரி செல்சியஸாகக் குறையும் உயரம், ஏறக்குறைய 5 கி.மீ.யில் இருக்கும். அதற்கு மேலேயும் உறையாமல் மிதக்கும் குளிர்ந்த நீர்த்துளிகள் உண்டு. மேலெழும் காற்று தாங்கிப்பிடிக்கும் பனிக்கரு, இந்தத் துளிகளை ஒட்டிக்கொண்டே பருக்கிறது. அந்த மட்டத்துக்கு 1.4 கி.மீ. மேலே 45 டிபிஇசட் எட்டினால் ஆலங்கட்டிக்கு வாய்ப்பு என்பது 1979-ல் சுவிட்சர்லாந்தில் வகுத்த விதி. நம் ஊருக்கு இன்னும் கறாராக இருப்பது நல்லது. சின்னக் கட்டிகள் தரைக்கு வருமுன் கரைந்து மழையாகிவிடும்.

4. அப்புறம் அடுத்தடுத்த படங்களைச் சேமித்து ஒப்பிடுங்கள். உச்சியில் இருந்த சிவப்பு கீழே இறங்கத் தொடங்கினால் கொட்டப்போகிறது என்று பொருள்.

5. விருத்தாசலத்தில் சொந்தக்காரர் இருந்தால் ஃபோன் போடுங்கள். கட்டி விழுந்திருந்தால், நாணயத்தின் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஃப்ரீசரில் போடச் சொல்லுங்கள். பிறகு பாதியாக அறுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வளையங்கள் தெரியலாம்: வெள்ளை வளையம் சட்டென்று உறைந்து காற்றுக்குமிழ்கள் சிக்கியது, கண்ணாடி மாதிரி இருப்பது மெதுவாக உறைந்தது.