404 பேஜ் அழகா இருக்கு, ஆனா சர்வர் 200னு சொல்லுதே!

ஒரு ஜவுளிக்கடை சைட்டுக்கு 404 பேஜ், அதாவது இல்லாத பக்கத்தைக் கேட்டா வர்ற பேஜ், போட்டுக் கொடுத்தேன். மடிச்ச புடவைக்குள்ள இருந்து ஒரு பொண்ணு எட்டிப் பார்க்குற மாதிரி படம், கீழ "நீங்க தேடுனது இங்க இல்லீங்க"ன்னு ஒரு வரி. கடை அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நாள் கழிச்சு, சைட் கூகுள் தேடல்ல எப்படி இருக்குன்னு காட்டுற சர்ச் கன்சோலைத் திறந்தா, டெலீட் பண்ண தீபாவளி ஆஃபர் பேஜ் எல்லாம் சாஃப்ட் 404னு வரிசை கட்டி நிக்குது. அதாவது பேஜ்ல "இல்லை"ன்னு இருக்கு, ஆனா சர்வர் 200, "எல்லாம் சரி"ன்னு சொல்லுது.

தப்பு என்னோடதுதான். அப்பாச்சி சர்வர்ல எந்த எரருக்கு எந்தப் பேஜைக் காட்டணும்னு எரர்டாக்குமென்ட்னு ஒரு வரி எழுதுவோம்ல, அதுல 404க்குப் பக்கத்துல பேஜோட முழு அட்ரஸையும், எச்டிடிபிஎஸ்ல ஆரம்பிச்சு, போட்டுட்டேன். அப்படிப் போட்டா அதே சர்வர்ல இருக்குற பேஜா இருந்தாலும் அப்பாச்சி அதை ரீடைரக்டாத்தான் அனுப்பும், அதாவது முதல்ல 302 (இப்போதைக்கு வேற அட்ரஸுக்குப் போன்னு சொல்றது) போகும், அப்புறம் அந்த எரர் பேஜ் 200னு நல்ல பிள்ளையா வந்து நிக்கும், பார்க்குற ஆளுக்கு "இல்லீங்க"ன்னு தெரியும், கூகுளுக்கு மட்டும் "எல்லாம் சரியா இருக்கு"ன்னு போகும். டொமைன் பேரைத் தூக்கிட்டு ஸ்லாஷ்ல இருந்து மட்டும் எழுதினேன், சரியாப்போச்சு. என்ஜின்எக்ஸ்னு இன்னொரு சர்வர் இருக்கு, அதுலயும் இதே கதைதான், எரர்பேஜ் வரியில யாரோ சொன்னாங்கன்னு "=200" சேர்த்துடாதீங்க, 404 போய் 200 ஆயிடும்.

இல்லாத பேஜை எல்லாம் ஹோம் பேஜுக்குத் திருப்பி விடுறது இன்னொரு வியாதி. சுடிதார் கேட்டு வந்தவரைப் பதில் சொல்லாம வாசல்ல கொண்டுபோய் விடுற மாதிரி இருக்கு. கூகுள் அதையும் சாஃப்ட் 404ஆத்தான் எடுத்துக்கும். பேஜ் வேற அட்ரஸுக்கு மாறியிருந்தா அந்த அட்ரஸுக்கு மட்டும் 301 (நிரந்தரமா மாறிடுச்சுன்னு சொல்ற ரீடைரக்ட்) போடுங்க, இல்லைன்னா 404னு நேர்மையா சொல்லிட்டு ஒரு தேடல் பெட்டி வெச்சா போதும்.

அப்புறம் சிஎஸ்எஸ், பேஜோட கலர், அலங்காரம் எல்லாம் எழுதுற ஃபைல். உங்க மெஷின்ல பளிச்சுன்னு இருந்த பேஜ், லைவ்ல மொட்டை எழுத்தா வருதா? சிஎஸ்எஸ் ஃபைலுக்கு வெறும் பேரை மட்டும் கொடுத்திருப்பீங்க. எரர் பேஜ் எந்த அட்ரஸ்ல வேணா தலைகாட்டும், யாராவது புடவை, பட்டு, பழசுன்னு மூணு ஃபோல்டர் உள்ள போய்த் தப்பா டைப் பண்ணா பிரவுசர் அந்த மூணாவது ஃபோல்டர்லதான் சிஎஸ்எஸைத் தேடும், அங்க ஏது? முன்னாடி ஒரு ஸ்லாஷ் போடுங்க. டெஸ்ட் பண்ணும்போதும் இப்படி ஆழமான அட்ரஸாப் பாருங்க, அப்படியே எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேப்ல 404தான் வருதான்னும் ஒரு பார்வை.

சர்வரே தடுமாறும்போது வர்ற 500 பேஜ்லதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. சைட்டோட ஹெடர், மெனு, கார்ட்ல எத்தனை ஐட்டம் இருக்குன்ற கணக்கு, எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல இருந்து இழுத்து அந்தப் பேஜைக் கட்டுவாங்க. அட, டேட்டாபேஸ் படுத்ததாலதானே 500ஏ வந்துச்சு! தனியா ஒரு எச்டிஎம்எல் ஃபைல், ஸ்டைல் அதுக்குள்ளயே, பிஎச்பி ஒரு வரி கூட வேணாம். லைவ் சர்வர்ல பிஎச்பியோட டிஸ்ப்ளே எரர்ஸ் செட்டிங்கை ஆஃப் பண்ணுங்க, பைத்தான்ல எழுதுற ஜாங்கோன்னா டீபக் செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்குங்க, அது ட்ரூவா இருக்குற வரைக்கும் நீங்க செஞ்ச 404 பேஜே வெளிய வராது, ஃபைல் பாத்ல இருந்து கோட் வரைக்கும் ஊருக்கே தெரியும்.

மெயின்டனன்ஸ் நேரத்துக்கு 503 (இப்போதைக்கு சர்வீஸ் இல்லைன்னு சொல்றது), கூடவே எவ்வளவு நேரம் கழிச்சு வரலாம்னு சொல்ற ரீட்ரை ஆஃப்டர் ஹெடர். அவ்வளவுதான்.

அண்ணாச்சி சைட்லயும் 500 பேஜை இப்போ மொட்டையா ரெண்டு வரி, கடை போன் நம்பர்னு மாத்திட்டேன். "ஏன் தம்பி, இதுல அந்தப் புடவைப் பொண்ணு வரலையா?"ன்னு இன்னும் கேட்டுட்டே இருக்கார்.