கிப்சன் கிதாரின் வயதை எண்ணில் படிப்பது எப்படி

ஹெட்ஸ்டாக்கின் (கம்பி முறுக்கும் ஆணிகள் உள்ள தலைப்பகுதி) பின்புறத்தைப் பார்த்து, எண்ணில் எத்தனை இலக்கம், அது மரத்தில் அழுத்தப்பட்டதா, ஒட்டப்பட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அழுத்தப்பட்ட எட்டு இலக்கம் என்றால் 1977 அல்லது அதற்குப் பிறகு. முதல் இலக்கமும் ஐந்தாவதும் சேர்ந்தால் ஆண்டு. இடையிலுள்ள மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்று வரிசை எண். 81903507 என்றால் 1983, 190-ஆவது நாள், அதாவது ஜூலை 9. வரிசை 507 என்பதால் கிப்சனின் நாஷ்வில் ஆலையில் செய்தது. 500-க்குக் கீழே இருந்திருந்தால் கலமசூ ஆலை. 1984-ல் கலமசூ ஆலை மூடப்பட்ட பிறகு இந்தப் பிரிப்பு செல்லாது. நாள் எண் 366-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். ஆனால் 1994-ல் பல கிதார்களின் எண் 94 என்றே தொடங்கும், அவற்றை அவசரப்பட்டுப் போலி என்று ஒதுக்காதீர்கள். ஒட்டப்பட்ட எட்டு இலக்கம் 99 என்று தொடங்கினால் 1975, 00 என்றால் 1976, 06 என்றால் 1977. 2005 ஜூலையிலிருந்து ஒன்பது இலக்கம். ஆறாவதாக ஒன்று கூடியது, ஆண்டு அதே இடங்களில்தான். 2014 முதல் சில ஆண்டுகள் முதல் இரண்டு இலக்கமே ஆண்டு.

பணம் கைமாறும்போது அதிகம் ஏமாறுவது ஆறு இலக்கத்தில்தான். அறுபதுகளில் போட்ட எண்களே 1970–75-லும் திரும்ப வந்தன. எண்ணை மட்டும் நம்பினால் 1973 எஸ்ஜி மாடலுக்கு 1964-இன் விலையைக் கொடுத்துவிடுவீர்கள். எண்ணுக்குக் கீழே ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ முத்திரை இருந்தால் எழுபதுகள். ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டி, மறுபடி பாலிஷ் அடித்ததில் முத்திரை அழிந்திருக்கலாம்; அதனால் நெக்கையும் (கழுத்துப் பகுதி) பாருங்கள். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே, கட்டைவிரல் படும் இடத்தில் மரம் புடைத்திருந்தால் 1970-ஐ ஒட்டியோ பிறகோ செய்தது. நட்டின் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் படியும் சிறு துண்டு) அகலத்தை அளந்து பாருங்கள்: 1965-க்கு முன் சுமார் 43 மி.மீ., அதன்பின் சில ஆண்டுகள் 40 மி.மீ.

இன்னும் தெளியவில்லையா? பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, பாட்களின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியிலுள்ள பாகம்) முதுகிலோ பக்கவாட்டிலோ உள்ள எண்ணை டார்ச் அடித்துப் படியுங்கள். 1377420 என்றால் 137 பாட் செய்த சிடிஎஸ் நிறுவனம், 74 ஆண்டு, 20 வாரம். பாட் ஸ்டாக்கில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம், ஆகவே கிதார் அந்த வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம். அதற்கு முன் இருக்க முடியாது. இதுவும் பழைய ஈயப் பற்று கலையாமல் இருந்தால்தான். ஏதாவது ஒரு பாட்-இல் மட்டும் ஈயம் பளபளத்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றைப் படியுங்கள்.

தொலைவிலிருந்து வாங்குவதானால் எண், நட், திறந்த பின்மூடி மூன்றுக்கும் தெளிவான படம் கேட்ட பிறகே விலை பேசுங்கள்.