பழைய ஒர்க்ஸ்டேஷன் (கனமான வேலைக்குன்னு செஞ்ச) லேப்டாப் வாங்கப் போறீங்களா?

திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் ஆட்டோகேட், எடிட்டிங் வேலைக்கு செகண்ட் ஹேண்ட் தேடுறவங்க 2018 மாடல் டெல் பிரிசிஷன் 5530, லெனோவோ திங்க்பேட் பி1 கேட்டுப் பாருங்க. ரெண்டும் இன்டெல் 8-ம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறும். அதுக்கு முந்தினது வேண்டாம். ரேம் ஸ்லாட் 2 இருக்கு. 8 ஜிபியில வாங்கி அப்புறம் ஏத்திக்கிடலாம்.

முதல்ல லேப்டாப்பை மூடி, சமமான மேசையில வைங்க. நாலு மூலையும் படியலைன்னாலோ, டச்பேட் மேடு தட்டி கிளிக் இறங்கலைன்னாலோ பேட்டரி உப்பியிருக்கு. புது பேட்டரி விலையைக் கழிச்சுப் பேசுங்க. உப்பினதை வச்சு ஒரு நாள்கூட ஓட்டாதீங்க.

சார்ஜர்ல வாட் எவ்வளவுன்னு படிங்க. 5530-க்கு 130, பி1-க்கு 135. கடையில 65 வாட்டைத் தள்ளிவிட்டா, சார்ஜ் ஏறுற மாதிரி தெரியும். வேலை கூடினதும் பிராசசர் படுத்துக்கிடும்.

ஒல்லி மெஷின்ல சூடுதான் வில்லன். கடை ஏசியில பார்த்து ஏமாறாதீங்க, நம்ம ஊர் மே மாச வெயில் வேற கணக்கு. 15 நிமிஷம் ரெண்டர் (வீடியோ, 3டி படத்தை உருவாக்குற வேலை) ஓடவிட்டு டாஸ்க் மேனேஜர்ல பிராசசர் வேகத்தைக் கவனிங்க. 1 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழ விழுந்தா பிராசசர் சூட்டைக் கடத்துற பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், இல்ல ஃபேன்ல தூசி.

பணம் கொடுக்கும் முன்னாடி பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங்ஸ்) போங்க. ஆன் பண்ணினதும் அழுத்த வேண்டியது: டெல்லுக்கு எஃப்2, லெனோவோவுக்கு எஃப்1. பாஸ்வேர்ட் கேட்டா லேப்டாப்பை வாங்காம வந்துடுங்க.