'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல': அப்படியானால் யார் பொறுப்பு?

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை. தெருவில் கார் நிறுத்த இடமே இல்லை. வாசலில் நின்ற பையன் சாவியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தான். இரண்டு மணி நேரம் கழித்துப் பைகளோடு வெளியே வந்தால், இடது பின் கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஒடுக்கு. "சார், வரும்போதே இருந்துச்சு" என்றான் பையன். மேனேஜர் ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். தலைப்பில் இருப்பதுதான் அந்த வாசகம்.

அதற்கப்புறம் நான் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை, முதல்முறை மாட்டிக்கொள்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: காரை நகர்த்த வேண்டாம்

கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே போய்விடும். அடி பட்ட இடம், பக்கத்தில் உள்ள தூண், தரையில் உதிர்ந்த பெயின்ட், அந்தப் போர்டு, டோக்கனின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கடை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்த வாடிக்கையாளர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கேமரா பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. பல கடைகளில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

படி 2: சாவி யார் கையில் இருந்தது?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சாவியைக் கடைக்காரரின் ஆளிடம் கொடுத்துவிட்டால், வண்டி அவர்கள் பொறுப்பில் போய்விடுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைப் பெயில்மென்ட் என்கிறது. நகையை அடகுக் கடையில் கொடுப்பதும் சட்டையைச் சலவைக்குப் போடுவதும் இதே வகைதான். சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனம் வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அந்தக் கவனத்தோடு இருந்தும் சேதம் நேர்ந்தால் பொறுப்பில்லை என்கிறது 152.

சரி, போர்டு? இதற்கு உச்ச நீதிமன்றமே 2019 நவம்பர் 14 அன்று, தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில் பதில் சொல்லிவிட்டது. 1998இல் டெல்லியில் ஒருவர் தன் மாருதி ஜென் காரை அந்த ஹோட்டலின் வாலட் பார்க்கிங்கில், அதாவது சாவியை வாங்கி ஊழியரே வண்டியை நிறுத்தும் ஏற்பாட்டில், விட்டார். வேறொரு காரில் வந்திருந்த இளைஞர்களில் ஒருவன், ஊழியர் அசந்த நேரம் பார்த்து ஜென்னின் சாவியை எடுத்து ஓட்டிக்கொண்டே போய்விட்டான். டோக்கனில் 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று அச்சடித்திருந்தது. அந்த வரியைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்றது நீதிமன்றம். நல்ல நிலையில் கொடுத்த வண்டி ஏன் அப்படியே திரும்பவில்லை என்று விளக்குவதும் ஹோட்டலின் வேலைதான். வாலட் இலவசம்தானே என்ற வாதமும் எடுபடவில்லை. அந்தச் செலவு அறை வாடகையிலும் சாப்பாட்டு விலையிலும் சேர்ந்தே இருக்கிறது.

சாவி உங்கள் சட்டைப்பையிலேயே இருந்தால் நிலைமை வேறு. நிறுத்த இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வண்டிக்கு அவர்கள் காவல் இல்லை. இன்னொரு கார் இடித்திருந்தால் அதை ஓட்டியவர்தான் முதல் ஆள். அவருடைய மூன்றாம் நபர் காப்பீடு உங்கள் வண்டிச் சேதத்துக்கும் பொருந்தும், நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இடத்தால் வந்த சேதம் என்றால் இடத்துக்காரரைக் கேட்கலாம். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் தென்னை மரத்தடிதான் பார்க்கிங். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது விழுந்த மரங்களுக்கு யாரைப் போய்க் கேட்பது? ஆனால் மாதக்கணக்கில் பட்டுப்போய்ச் சாய்ந்து நின்ற மரம், காற்றே இல்லாத நாளில் முகூர்த்தத்துக்கு வந்தவர் கார் மேல் விழுந்தால் அது கவனக்குறைவு. துருப்பிடித்து ஆடும் கேட், மூடி இல்லாத சாக்கடைக் குழி, கழன்று தொங்கும் தகரக் கூரை எல்லாம் இந்தக் கணக்குதான்.

படி 3: எழுத்தில் கேளுங்கள்

ஒர்க்ஷாப்பில் டிங்கரிங், பெயின்டிங் இரண்டுக்கும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். எனக்கு 11,500 ரூபாய் வந்தது. அதோடு நடந்ததைத் தேதி, நேரத்துடன் ஒரே பக்கத்தில் எழுதி, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வசவு வேண்டாம். திருட்டு, வேண்டுமென்றே உடைத்தது என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, குறைந்தபட்சம் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிவிடுங்கள்.

படி 4: இன்ஷூரன்ஸ் கணக்கு

சின்ன ஒடுக்குக்கு அவசரப்பட்டு கிளெய்ம் போடாதீர்கள். 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் எப்படியும் உங்கள் தலையில்தான். அதோடு, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அடுத்த புதுப்பித்தலில் பொதுவாகப் பூஜ்யமாகிவிடும். பெரிய சேதம் என்றால் தயங்காமல் போடுங்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு, காப்பீட்டு நிறுவனமே தவறு செய்தவரிடம் வசூலிக்கப் போகும். டெல்லி வழக்கில் ஹோட்டல் மேல் காப்பீட்டு நிறுவனமும் கார்க்காரரும் சேர்ந்தேதான் போனார்கள்.

படி 5: நுகர்வோர் ஆணையம்

கடிதத்துக்குப் பதில் இல்லையா? முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். திருவாரூர்க்காரர் தஞ்சாவூருக்கு அலைய வேண்டியதில்லை. வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மண்டபத்துக்கு விருந்தாளியாகப் போனவர் காசு கொடுக்கவில்லையே என்று கேட்கலாம். வாடகை கொடுத்தவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

படி 6, உண்மையில் படி பூஜ்யம்

என் விஷயத்தில் கடிதம் போன பத்தாம் நாள் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். கடைக் கேமராவில் காரின் இடது பக்கமே விழவில்லை. "முன்னாடி இல்லைங்கிறதுக்கு என்ன சாட்சி?" என்று மேனேஜர் கேட்டபோது என்னிடம் ஒரு படம் கூட இல்லை. 6,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு வந்தேன். இப்போதெல்லாம் சாவியைக் கொடுக்கும் முன் காரைச் சுற்றி ஒரு முழு வீடியோ எடுத்துக்கொள்கிறேன், கடைசியில் சாவியை வாங்குபவரின் முகத்தோடு. இருபது வினாடி ஆகிறது. பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.