எக்செல்லுக்கு இன், விண்டோஸுக்கு ஆன்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய ஷிப்பிங் ஆபீஸ்களுக்கு இன்டர்வியூ போகிற பிள்ளைகளுக்கு டேலியும் எக்செல்லும் நன்றாகவே வருகிறது. அதை இங்கிலீஷில் சொல்லும்போதுதான் தடுமாற்றம். எக்செல்ல, விண்டோஸ்ல, யூடியூப்ல, பாரீஸ் கார்னர்ல என்று நமக்கு ஒரே 'ல' போதும். இங்கிலீஷில் அந்த இடத்துக்கு இன், ஆன், அட் என்று மூன்று.

முதலில், எந்தச் சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். டி.எச். ரோட்டின் மேல் ஷேர் ஆட்டோ ஓடுகிறது, ஆட்டோவுக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் ரோடு, அதற்கு ஆன். எக்செல், வேர்டு, டேலி எல்லாம் ஆட்டோ. உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறோம், அதனால் இன். "டேலி ரன்ஸ் ஆன் விண்டோஸ்." "ஐ மேட் தி இன்வாய்ஸ் இன் டேலி." லேப்டாப், போன், சர்வர் எல்லாவற்றுக்கும் ஆன்தான்.

குரோமில் திறந்தால் இன் குரோம். ஆனால் குரோமில் தெரிகிற இணையதளத்துக்கு ஆன்: ஆன் யூடியூப், ஆன் தி ஜிஎஸ்டி போர்ட்டல். இதற்குக் காரணம் தேடாதீர்கள், வழக்கம் அப்படி.

அடுத்து திரைக்குள் போவோம். செல் (கட்டம்), காலம் (நெடுவரிசை), ஃபோல்டர், டயலாக் பாக்ஸ் போன்ற அடைப்புகளுக்கு இன். டெஸ்க்டாப், டூல்பார், டேப் போன்ற பரப்புகளுக்கு ஆன். "ஆன் தி ஹோம் டேப், இன் தி ஃபான்ட் குரூப், கிளிக் போல்டு" என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்தால் இரண்டும் நினைவில் நிற்கும். அதில் கிளிக்குக்குப் பின்னால் ஆன் இல்லை, கவனித்தீர்களா? பேச்சில் கிளிக் ஆன் என்றால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். எழுதும்போது வெறும் கிளிக் போதும்.

வினைச்சொற்கள் தங்கள் ஜோடியைக் கையோடு கூட்டி வரும். டவுன்லோட் ஃப்ரம், அப்லோட் டு, லாக் இன் டு, லாக் அவுட் ஆஃப், சைன் அப் ஃபார். யோசிக்காமல் ஜோடியாகவே பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரெஸ்யூமே. பலர் வழுக்கி விழுகிற இடம் இதுதான். "ஐ ஆம் குட் இன் எக்செல்" என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோம். குட் அட் எக்செல் என்பதே சரி. ஆனால் ப்ரொஃபிஷியன்ட் என்று போட்டால் இன் வரும்: ப்ரொஃபிஷியன்ட் இன் எக்செல். ஓரளவுதான் தெரியும் என்றால் ஃபெமிலியர் வித் டேலி. நாலெட்ஜ் என்றால் ஆஃப். ஆக, இங்கே சாஃப்ட்வேரைப் பார்க்காதீர்கள், முன்னால் நிற்கிற சொல்லைப் பாருங்கள். மேக்ரோ, அதாவது எக்செல் வேலையைத் தானாகச் செய்கிற சிறு ப்ரோகிராம், எழுதத் தெரிந்தவர்கள் "ரிட்டன் இன் விபிஏ" என்று சேர்க்கலாம். விபிஏ ஒரு ப்ரோகிராமிங் மொழி, ப்ரோகிராமிங் மொழிக்கு எப்போதும் இன்.

சரி, இப்போது நேற்று கம்ப்யூட்டரில் செய்த வேலையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "ஐ டவுன்லோடட் தி ஃபைல் ஃப்ரம் தி போர்ட்டல், ஓபன்ட் இட் இன் எக்செல், அண்ட் சேவ்ட் இட் ஆன் தி டெஸ்க்டாப்." அதை மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அதற்கு ஆன்.