ஆர்டீமியா முட்டையைப் பொரிக்க வைப்பதற்கு முன் 20 நிமிடம் பிளீச்சில் ஊற வையுங்கள்

ஆர்டீமியா என்பது மீன்குஞ்சுகளுக்குத் தீனியாகும் பொடி உப்புநீர் இறால். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் வாசனை சேர்க்காத 4 சதவீத பிளீச் திரவம் 5 மில்லி விட்டு, ஆர்டீமியா முட்டையை 20 நிமிடம் காற்றுக் குழாயோடு ஊற விடுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, குளோரின் வாடை போகும்வரை அலசிவிட்டு உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

முட்டை உப்பு ஏரிகளில் அள்ளப்படுவது. அதன் ஓட்டில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டே வரும். ஓடு வெடிக்கும்போது கிளிசரால் வெளியேறுகிறது. அதைத் தின்று விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பெருகிவிடும். பொரித்த தண்ணீர் கலங்கி நுரைப்பதும் பெரும்பாலும் இதனால்தான். பிளீச் ஓட்டின் மேலுள்ளதைத்தான் குறைக்கும், முழுவதும் ஒழிக்காது. ஆகவே பொரித்த ஆர்டீமியா குஞ்சுகளையும் அலசியே மீன்குஞ்சுகளுக்குக் கொடுங்கள். பொரித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே வேண்டாம். சோம்பல்படுகிறவர்கள் பிளீச்சில் ஊற வைப்பதைத் தவிர்த்தாலும் குஞ்சுகளை அலசுவதைத் தவிர்க்கக்கூடாது.

ஓடு நீக்கிய முட்டைக்கு இது வேண்டாம். ஏற்கெனவே கிருமி நீக்கியது என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் தேவையில்லை. ஈரம் பட்டுப் பழசான முட்டையை இது பொரிக்க வைக்காது. மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் பொரிப்பு தாமதமானால் அது பாக்டீரியாவின் வேலையன்று. தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரியவிடுங்கள். சேலத்தில் அந்தக் கவலை குறைவு.